டி.டி.கே.யின் இரண்டு ராஜினாமாக்கள்

ஆழ்வார்பேட்டையின் நடுவே செல்லும் டி.டி.கே. சாலைக்குப் பழைய பெயர் மௌபரீஸ் சாலை. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினி அரசின் கணக்காளராகச் சென்னைக்கு வந்த ஜார்ஜ் மௌபரேயின் பெயர் அது. அடையாற்றங்கரையில் அவர் கட்டிய மாளிகைதான் இன்றைய மெட்ராஸ் கிளப். அந்தச் சாலைக்குப் பின்னாளில் ஒரு நிதியமைச்சரின் பெயரைச் சூட்டினார்கள். மார்கழிக் கச்சேரிக்கு மியூசிக் அகாதெமிக்குப் போகிறவர்கள் உட்காருவதும் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அரங்கத்தில்தான். குடும்ப நிறுவனத்தின் குக்கர் பல வீடுகளின் அடுப்பில் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் மத்திய நிதியமைச்சர் பதவியை இரண்டு முறை ஏற்றார், இரண்டு முறையும் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே ராஜினாமா செய்தார் என்பதை இன்று அநேகம் பேர் அறியமாட்டார்கள்.

முதல் ராஜினாமா 1958 பிப்ரவரியில், இரண்டாவது 1965 டிசம்பர் 31 அன்று. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "ஊழல் புகாரில் போனவர்" என்று சொல்லிவிடுவது எளிது. "நேர்மையான மனிதரைப் பழிவாங்கிவிட்டார்கள்" என்பதும் அதே அளவு எளிது. இரண்டுமே அவசர முடிவுகள். முதல் வழக்கில் பகிரங்க விசாரணை நடந்து ஒரு தீர்ப்பு கிடைத்தது. இரண்டாவது விசாரிக்கப்படாமலே மூடப்பட்டது. பொதுவாழ்வுக்குப் பெரிய சேதத்தை உண்டாக்கியது இரண்டாவதுதான் என்பது என் கருத்து. முதலாவது பேசப்பட்ட அளவில் ஒரு சிறு பங்கு கூட அது பேசப்படவில்லை.

டி.டி.கே. பிறந்தது 1899இல், சென்னையில். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். 1928இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அண்டு கம்பெனியைத் தொடங்கினார். வெளிநாட்டுச் சோப்பும் பானப்பொடியும் மிட்டாயும் தென்னிந்தியாவின் கடைகளுக்குப் போய்ச் சேரும் விநியோக ஏஜென்சிதான் தொழில். சிற்றூர்க் கடைக்காரர் வரை சரக்கைக் கொண்டுசேர்ப்பது எப்படி, எந்த ஊரில் என்ன விலைபோகும் என்ற அறிவு அவருக்கு அங்கே கிடைத்தது. 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு வந்தபோது அவர் சுயேச்சை. காங்கிரஸுக்குப் பின்னர்தான் வந்தார். சிறைக்குப் போன தியாகி என்ற பட்டம் அவருக்கு இல்லை. கதர்க் கட்சியில் இது ஒரு குறையாகவே எண்ணப்பட்டது. அவருடைய கூர்மையான நாக்கும் நண்பர்களைச் சேர்த்துத் தரவில்லை. நேருவின் ஆதரவு ஒன்றே பெரிய பலமாக இருந்த அமைச்சர் அவர். சங்கடம் வந்த காலங்களில் இது முக்கியமாகிப் போனது.

அரசியல் நிர்ணய சபையில் அவர் செய்த வேலையை இந்தச் சர்ச்சைகள் மறைத்துவிட்டன. வரைவுக் குழுவில் சென்னையின் பங்கு பெரியது. லஸ்ஸில் ஏகாம்ர நிவாஸில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் ஒருவர், என். கோபாலசாமி ஐயங்கார் ஒருவர். டி.பி. கைதான் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் டி.டி.கே. 1948 நவம்பர் 5 அன்று அவர் சபையில் பேசிய பேச்சில் இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் முக்கியமானவை. வரைவுக் குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களும் வேறு வேலைகளிலோ தூரத்திலோ இருந்தார்கள், ஆகவே சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அரசியல் சட்டத்தை எழுதியவர் யார் என்ற விவாதம் எழும்போதெல்லாம் இந்தச் சாட்சியத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே பேச்சில் இந்தித் திணிப்பைப் பற்றியும் எச்சரித்தார். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாண நண்பர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அந்த எச்சரிக்கையின் சாரம்.

1952இல் சென்னையிலிருந்து மக்களவைக்குப் போய் வர்த்தக, தொழில் துறை அமைச்சரானார். பிறகு இரும்பு எஃகுத் துறையும் அவரிடம் வந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆலைகளுக்கான ஏற்பாடுகள் நடந்த காலம் அது. உலக வங்கியின் உதவியோடு 1955இல் ஐ.சி.ஐ.சி.ஐ. தொடங்கப்பட்டதும் அவர் அத்துறையில் இருந்தபோதே. உள்நாட்டில் தயாரிக்கக்கூடியதை இறக்குமதி செய்ய வேண்டாம் என்ற கொள்கையை அவர் கறாராக நடத்தினார். இறக்குமதிச் சரக்கை விநியோகித்து வளர்ந்த தம் குடும்ப நிறுவனத்தையே அந்தக் கதவடைப்பு பாதித்தது. நிறுவனம் விநியோகத்திலிருந்து உற்பத்திக்கு மாற வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த குக்கரைப் பின்னர் பெங்களூரில் செய்யத் தொடங்கியதும் அந்த மாற்றத்தின் ஒரு பகுதி. அவருடைய ஆதரவாளர்கள் இதையே அவரது நேர்மைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் லைசென்ஸும் பெர்மிட்டும் தொழிலின் உயிரை முடிவு செய்த நாட்டில், அவற்றை வழங்கும் துறையின் அமைச்சருடைய மகன்கள் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்ற உண்மையும் இருக்கிறது. தந்தை ஒரு சலுகையும் காட்டாமல் இருந்திருக்கலாம். கோப்பைக் கையாளும் அதிகாரி அந்தப் பெயரைப் பார்த்ததும் என்ன நினைப்பார் என்பது வேறு கேள்வி. அப்போது அதை யாரும் எழுப்பவில்லை. அது பத்தாண்டு கழித்து வந்தது.

1956 ஆகஸ்டு இறுதியில் சி.டி. தேஷ்முக்கின் இடத்தில் நிதியமைச்சரானார். சுதந்திர இந்தியாவின் முதல் நான்கு நிதியமைச்சர்களுமே ராஜினாமா செய்தவர்கள்தான். கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலில் சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் 1948இல் போனார். ஜான் மத்தாய் திட்டக் கமிஷனை எதிர்த்து 1950இல் போனார். தேஷ்முக் பம்பாய் நகரின் எதிர்காலம் குறித்த கருத்து வேற்றுமையில் போனார். நான்காமவர் டி.டி.கே. தமிழ்நாட்டுக்காரர் இருவரும் முறைகேட்டுப் புகாரில் போனார்கள் என்பது நமக்கு உவப்பான செய்தியல்ல.

அவர் பொறுப்பேற்ற நேரம் கஜானா இளைத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு எந்திரங்கள் வாங்கியதில் அந்நியச் செலாவணி வேகமாகக் கரைந்தது. கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் நிகோலஸ் கால்டாரின் யோசனைகளை ஏற்று 1957 பட்ஜெட்டில் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். சம்பாதிப்பதற்கு மட்டுமல்ல, சேர்த்து வைப்பதற்கும் ஆடம்பரமாகச் செலவழிப்பதற்கும் வரி. வியாபாரியாக இருந்து வந்தவர் பணக்காரர்கள் மீது இத்தனை வரி போட்டதைத் தொழிலதிபர்கள் மன்னிக்கவில்லை. செலவு வரியில் வசூல் சொற்பம். 1962இல் மொரார்ஜி தேசாய் அதை எடுத்தார், 1964இல் டி.டி.கே. திரும்பக் கொண்டுவந்தார், 1966இல் அது மீண்டும் போனது. செல்வ வரி மட்டும் 2015 பட்ஜெட் அறிவிப்பு வரை நீடித்தது. வலதுசாரிகள் அவரை வெறுத்தார்கள், இடதுசாரிகள் முதலாளி என்பதால் அவரை நம்ப மறுத்தார்கள். முதல் ராஜினாமாவில் முடிந்த முந்த்ரா விவகாரம் வெடித்தபோது அவருக்காக எழுந்து நிற்கக் கட்சிக்குள்ளும் அதிகம் பேர் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த விவகாரத்தின் விவரத்துக்கு வருவோம். 1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி அரசு அமைத்த நிறுவனம். அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் உண்மையில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்காகத் தொடங்கப்பட்டது. அவர் 1954இல் விமான விபத்தில் இறந்தார், நிறுவனம் அரசுடைமையானது, கட்டடம் கழகத்துக்கு வந்தது. தனியார் முதலாளிகள் பாலிசிதாரர் பணத்தை விளையாட்டாகக் கையாளுகிறார்கள் என்பதுதான் அரசுடைமையாக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கழகத்துக்குப் பத்து மாதம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில் அது கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற பங்குச்சந்தைச் சூதாட்டக்காரரின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. ரிச்சர்ட்சன் குருடாஸ், ஜெஸ்ஸாப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அவற்றுள் சில. முந்த்ரா கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார், அவருடைய பங்குகளின் நம்பகத்தன்மை பற்றி ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே பேரம் முடிந்தது. பேரத்தை முன்னின்று நடத்தியவர் நிதித் துறையின் முதன்மைச் செயலர் எச்.எம். பட்டேல். சரிந்துகொண்டிருந்த கல்கத்தாச் சந்தையைத் தூக்கி நிறுத்தவே வாங்கினோம் என்பது பிற்பாடு சொல்லப்பட்ட சமாதானம்.

மக்களவையில் கேள்வி எழுந்தபோது அமைச்சர் தந்த பதில்கள் நழுவலாக இருந்தன. 1957 டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்து வரை கையில் வைத்துக்கொண்டு, பாலிசிதாரர்களின் பணத்தை ஒருவரைக் காப்பாற்ற எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். இந்திய நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அரசையே இவ்வளவு ஆதாரத்தோடு நிறுத்திக் கேள்வி கேட்ட சந்தர்ப்பங்கள் அரிது. நேரு விசாரணைக்கு ஒப்புக்கொண்டார்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருவரை மட்டும் கொண்ட கமிஷன் அமைந்தது. கதவு அடைத்து விசாரிக்க அவர் மறுத்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. ரிசர்வ் வங்கி ஆளுநர் எச்.வி.ஆர். ஐயங்கார், பட்டேல், கழகத்தின் அதிகாரிகள் எனப் பெரிய பதவியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சிக் கூண்டுக்கு வந்தார்கள். அமைச்சரும் வந்தார். அமைச்சரிடம் சொல்லித்தான் செய்தேன் என்றார் பட்டேல். நான் ஒப்புதல் தரவில்லை என்றார் அமைச்சர். இரண்டு பேச்சும் ஒத்துப்போகவில்லை. ஒரு மாதத்துக்குள் முழு விசாரணையும் முடிந்து 1958 பிப்ரவரி 10 அன்று அறிக்கை வந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் நீட்டிப்பு வாங்கும் விசாரணைக் கமிஷன்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாத வேகம்.

சாக்ளாவின் முடிவு தெளிவானது. துறையில் நடந்ததற்கு அமைச்சர் அரசியல் சட்ட மரபுப்படி பொறுப்பு, கீழ் அதிகாரியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, தமக்குத் தெரிந்தபோது பேரத்தை அவர் மறுத்திருக்க வேண்டும். டி.டி.கே. தம் பைக்குள் பணம் போட்டுக்கொண்டார் என்று அறிக்கை சொல்லவில்லை, பெரோஸ் காந்தியும் சொல்லவில்லை. அவர் ராஜினாமா செய்தார். இந்த விஷயத்தில் அவருடைய பங்கு மிகச் சிறியது என்றே நம்புவதாக நேரு அவருக்கு எழுதினார். பட்ஜெட்டுக்கு நாள் நெருங்கிவிட்டதால் பிப்ரவரி 28 அன்று நேருவே நிதியமைச்சராக நின்று பட்ஜெட்டைப் படித்தார்.

இந்த ராஜினாமா நியாயமா என்பதில் அன்றிலிருந்தே இரண்டு கட்சி. சந்தையைப் போல நடந்த பகிரங்க விசாரணையில் ஒரு திறமையான அமைச்சரைப் பலிகொடுத்தார்கள், அதிகாரி செய்த தவறுக்கு அவர் ஏன் போக வேண்டும் என்பது ஒரு கட்சி. அந்தக் காலத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. அதற்குப் பதினைந்து மாதம் முன்புதான், 1956 நவம்பரில், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். பாலத்தை அரித்த வெள்ளத்துக்கு அவர் என்ன செய்வார்? இங்கிலாந்தில் 1954இல் கிரிச்சல் டவுன் என்ற இடத்தில் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக எடுத்த விவசாய நிலத்தை உரியவர் குடும்பத்துக்குத் திருப்பித் தராமல் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். அவர் மீதும் சொந்தப் பழி ஏதுமில்லை. டி.டி.கே. விஷயத்திலோ அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு முழு உண்மையை அவர் முதலிலேயே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கமிஷனே வந்திருக்காது. எனவே முதல் ராஜினாமா சரியானது என்றே நான் கருதுகிறேன். லஞ்சம் வாங்கவில்லை என்பது ஒருவரைச் சிறையிலிருந்து காக்கும். பதவியில் வைத்திருக்க அது போதாது.

அதிகாரிகள் மீதான நடவடிக்கைக்காக நீதிபதி விவியன் போஸ் தலைமையில் மற்றொரு குழு அமைந்தது. முந்த்ரா காங்கிரஸுக்குத் தேர்தல் நிதி கொடுத்த விஷயம் அங்கே பேசப்பட்டது. நேரு கோபத்தில் போஸைப் பற்றித் தகாத வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். முந்த்ரா சிறைக்குப் போனார். எச்.எம். பட்டேல் அரசியலுக்கு வந்து 1977இல் மொரார்ஜி அமைச்சரவையில் அதே நிதித் துறைக்கு அமைச்சரானார். எல்.ஐ.சி. கட்டடத்தை 1959 ஆகஸ்டில் திறந்து வைத்தவர், டி.டி.கே. விட்டுச் சென்ற துறையை நடத்திக்கொண்டிருந்த மொரார்ஜி தேசாய்தான்.

1957இல் டி.டி.கே. வென்ற தென் சென்னைத் தொகுதியில் 1962இல் அவர் நிற்கவில்லை. அங்கே தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரன் வென்றார். டி.டி.கே. திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றி மக்களவைக்குப் போனார். மயிலாப்பூரும் தியாகராய நகரும் காங்கிரஸின் கையிலிருந்து நழுவத் தொடங்கிய தேர்தல் அது. 1967இல் அதே தொகுதியில் அண்ணாவே வென்றார்.

நேரு டி.டி.கே.யை 1962இல் துறையற்ற அமைச்சராகத் திரும்ப அழைத்தார். சீனப் போருக்குப் பின் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்புத் துறை. காமராஜ் திட்டத்தின்படி மொரார்ஜி விலகியதும் 1963இல் மீண்டும் நிதி. 1964இல் யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி வங்கியும் உருவாயின. நடுத்தர வர்க்கத்தின் சின்னச் சேமிப்பைத் தொழிலுக்குக் கொண்டுபோகும் வழியாக யூனிட் டிரஸ்ட் வந்தது. சென்னையில் எத்தனையோ குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் முதன்முதலாகப் பங்குச்சந்தை வருமானத்தைக் கண்டது அதன் யூனிட்டுகள் மூலம்தான். அவருடைய சாதனைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

1965 ஜனவரி, பிப்ரவரியில் தமிழ்நாடு இந்தி எதிர்ப்பில் பற்றி எரிந்தது. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். 1948இல் எல்லோருக்கும் முன் எச்சரித்த டி.டி.கே. அமைச்சரவையிலேயே இருந்தார். ராஜினாமாவைச் சொந்த மரியாதைக்காக இரண்டு முறை எழுதியவர், தாம் முன்கூட்டியே கண்ட அபாயம் வந்தபோது எழுதவில்லை. அவருடைய அரசியல் வாழ்வில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

அந்த ஆண்டு முழுக்க உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொல்லி நெருக்கின. டி.டி.கே. மறுத்தார். அவர் போய் ஆறு மாதம் ஆவதற்குள், 1966 ஜூன் 6 அன்று, ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. இதனால் அவரை வெளியேற்றியதே வெளிநாட்டு நெருக்குதல்தான் என்று சொல்வோர் உண்டு. வெளிப்படையான காரணம் வேறு. மகன்கள் நடத்திய நிறுவனங்களுக்கு அமைச்சர் பதவியின் செல்வாக்கு பயன்பட்டது என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் பிரதமரிடம் மனுக் கொடுத்தார்கள். பிரதமர் நாற்காலியில் இருந்தவர் அரியலூர் விபத்துக்காகப் பதவி துறந்த அதே சாஸ்திரி. மனுவில் முகாந்திரம் உண்டா என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்கலாம் என்றார் அவர். பிரதமரே மனுவைப் படித்துப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தவர் டி.டி.கே. பிரதமருக்கு என் மீது நம்பிக்கை இல்லை என்று சொல்லி ஆண்டின் கடைசி நாளில் விலகினார். சாஸ்திரி ஜனவரி 3 அன்று தாஷ்கண்ட் புறப்பட்டார், 11 அன்று அங்கே இறந்தார். புகாரும் அத்தோடு முடிந்துபோனது.

சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது அமைத்ததுதான் கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு. ஒரு அமைச்சர் மீது நாடாளுமன்ற உறுப்பினர் பத்துப் பேர் எழுத்தில் புகார் கொடுத்தால் அதை விசாரணைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று அக்குழு 1964இல் பரிந்துரைத்தது. தமிழரான சந்தானம் எழுதிய அந்த வழி, அடுத்த ஆண்டே ஒரு தமிழ் அமைச்சருக்குப் பயன்பட்டிருக்கலாம். நீதிபதி படித்துப் பார்த்து முகாந்திரம் இல்லை என்றிருந்தால் டி.டி.கே.யின் பெயர் துலங்கியிருக்கும். இருக்கிறது என்றிருந்தால் அமைச்சர் வீட்டுத் தொழிலுக்கு ஒரு வரம்பு அன்றே வகுக்கப்பட்டிருக்கும். சுயமரியாதையின் பெயரால் அவர் விலகியதில் இரண்டும் கைநழுவின. 1958இல் குற்றவாளிக் கூண்டுக்குச் சமமான இடத்தில் அவரை நிறுத்திய காயம் ஆறவில்லை என்பதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் அந்த முடிவு தவறானது. 1974 மார்ச்சில் அவர் இறக்கும் வரை அந்தப் புகாருக்கு ஆம் என்றோ இல்லை என்றோ யாரும் பதில் சொல்லவில்லை.

டி.டி.கே. விலகிய ஐந்தாம் நாள், 1966 ஜனவரி 5 அன்று, நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன் அமைக்கப்பட்டது. அமைச்சர்கள் மீதான புகாரை விசாரிக்க லோக்பால் வேண்டும் என்று அது அந்த ஆண்டே பரிந்துரைத்தது. சட்டம் வந்தது 2013இல். முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது 2019இல். தமிழ்நாடு லோக் ஆயுக்தா சட்டம் 2018இல் நிறைவேறியது. கட்சி பார்த்துப் புகாரை நம்புவதும் கட்சி பார்த்துத் தள்ளுவதும் நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அமைச்சர் ஒருவரின் மகன் மீதோ மருமகன் மீதோ அடுத்த புகார் வரும்போது, அவர் எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன், விசாரணைக்கு அனுப்பினார்களா, எத்தனை நாளில் முடித்தார்கள், அறிக்கையை வெளியிட்டார்களா என்று கேளுங்கள். சாக்ளா கமிஷன் அதை ஒரு மாதத்துக்குள், ஊரறியச் செய்து காட்டியிருக்கிறது.